சட்டை போடாத சண்டைக்கு சட்டை போட்டுப் பயிற்சி எதற்கு? எம்எம்ஏ வீரர்களுக்கு 'கி' உடை உதவுமா? ஓர் அலசல்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில் இருக்கிறது கப்பலூர். டோல்கேட் பிரச்னையால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊர். இங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் 20 வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்ததும் செல்போனில் யுஎஃப்சி சண்டை வீடியோக்களைப் பார்க்கிறார். கொஞ்ச நாளில் நாமும் எம்எம்ஏ கத்துக்கிட்டா என்ன என்று தோன்றுகிறது.

தேடிப் பார்த்து ஒரு பயிற்சி வகுப்புக்குப் போகிறார். அங்கே முதல் நாளே, "தம்பி, 'கி' வாங்கிட்டு வந்துடுங்க" என்கிறார்கள். 'கி' என்றால் ஜூடோ, ஜூ-ஜிட்சு வீரர்கள் போடும் தடித்த பருத்திச் சட்டை, கால்சட்டை, இடுப்பில் பெல்ட். (ஆங்கிலத்தில் நெய்யைச் சொல்வது மாதிரிதான் உச்சரிக்க வேண்டும்.) விலை சில ஆயிரம் ரூபாய். காய்ந்திருக்கும்போதே ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை. மதுரை வெயிலில், ஃபேன் மட்டும் சுற்றுகிற ஹாலில், அதைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உருள வேண்டும்.

அவருக்கு வரும் சந்தேகம் ரொம்ப நியாயமானது. செல்போனில் பார்த்த சண்டையில் யாருமே சட்டை போடவில்லையே, வெறும் ஷார்ட்ஸும் கையில் சின்ன கிளவுஸும்தானே இருந்தது, அப்புறம் எதற்கு இது?

உலகம் முழுக்க எம்எம்ஏ பயிற்சிக் கூடங்களில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிற விவாதம் இதுதான். இந்திய வீரர்களின் சமீபத்திய தோல்விகளைப் பார்த்தால், இது நமக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட கேள்வி என்பது புரியும்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இதில் எம்எம்ஏ முதல்முறையாக பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியிலும் எம்எம்ஏ இருந்தது. கண்ணகி நகர் கார்த்திகா கபடியில் தங்கம் வென்றாரே, அதே போட்டிதான்.

இதுவரை டிவியில் பணம் கட்டிப் பார்க்கும் விளையாட்டாக மட்டும் இருந்தது, இனி நாட்டின் பெயரில் பதக்கம் தரும் விளையாட்டாகிறது. ஆகவே எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு நேரம், யார் பணம் செலவழிப்பது என்ற கேள்விகளும் இனி சீரியஸாகவே வரும்.

தமிழ் ரசிகர்களுக்கு எம்எம்ஏ முழுக்கப் புதிது என்றும் சொல்ல முடியாது. 'இறுதிச்சுற்று' படத்தில் மதியாக வந்த ரித்திகா சிங் சினிமாவுக்கு வரும் முன்பே, சஞ்சய் தத்தும் ராஜ் குந்த்ராவும் 2012-ல் தொடங்கிய சூப்பர் ஃபைட் லீக் எம்எம்ஏ போட்டியில் சண்டை போட்டவர்.

இந்திய வீரர்கள் எங்கே தோற்கிறார்கள்?

யுஎஃப்சியில் சண்டை போட்ட முதல் இந்தியர் மும்பையைச் சேர்ந்த பாரத் கண்டாரே. மல்யுத்தப் பின்னணி உள்ளவர். 2017 நவம்பரில் ஷாங்காயில் சீனாவின் சாங் யாடாங்குடன் மோதினார். முதல் ரவுண்டிலேயே 'கில்லட்டின்' என்ற கழுத்துப் பிடியில் மாட்டித் தோற்றார்.

'தங்கல்' படம் பார்த்தவர்களுக்கு போகட் குடும்பத்தைத் தெரியும். கீதா, பபிதாவின் தங்கை ரிது போகட். 2016 காமன்வெல்த் மல்யுத்த சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றவர், பிறகு எம்எம்ஏவுக்கு மாறினார். 2021 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரி இறுதிப் போட்டியில் தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸை எதிர்கொண்டார். ஸ்டாம்ப் முய் தாய் வீராங்கனை, அதாவது நின்று அடிப்பவர். கீழே தரையில் ரிதுதான் ராணி என்று எல்லோரும் நினைத்தார்கள். ரிதுவும் அவரைக் கீழே தள்ளினார். ஆனால் கீழே கிடந்த ஸ்டாம்ப் 'ஆர்ம்பார்' போட்டு, அதாவது முழங்கையை எதிர்ப்பக்கம் மடக்கி, இரண்டாவது ரவுண்டில் ஜெயித்துவிட்டார். மல்யுத்தக்காரர் தரையில் தோற்றார், உதைப்பவர் தரையில் வென்றார்.

யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் பூஜா தோமர். 2024 ஜூனில் அறிமுகப் போட்டியில் ஜெயித்தார். அடுத்த போட்டி 2025 மார்ச்சில் லண்டனில். அயர்லாந்தின் ஷானா பேனனிடம் தோல்வி. அதுவும் ஆர்ம்பார்தான்.

எல்லாத் தோல்வியும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. ரோடு டு யுஎஃப்சி பட்டம் வென்ற அன்ஷுல் ஜூப்ளி, 2025 பிப்ரவரியில் குவில்லன் சால்கில்டிடம் 19 நொடியில் குத்து வாங்கித்தான் தோற்றார். அதற்கும் 'கி'க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆனாலும் கண்டாரே, ரிது, பூஜா ஆகிய மூவரின் தோல்வியிலும் ஒரு பொது அம்சம் கண்ணில் படுகிறது. எதிராளியைக் கீழே தள்ளத் தெரிகிறது, அழுத்தத் தெரிகிறது. ஆனால் கீழே கிடப்பவர் கழுத்தையோ கையையோ மடக்கும்போது அந்த ஆபத்து வருவதற்கு முன்பே மோப்பம் பிடிக்கும் பழக்கம் குறைவு. குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. அதனால் மல்லாந்து கிடப்பவர் அங்கிருந்தே ஜெயிக்கலாம் என்ற எண்ணமே குஸ்திக்காரருக்கு வராது. ஜூ-ஜிட்சுவில் ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த மோப்பத்தைக் கற்றுக்கொள்ள 'கி' போட வேண்டுமா, போடாமலேயே கற்றுக்கொள்ளலாமா? விவாதத்தின் மையம் இதுதான்.

சட்டையைப் பிடிக்கும் கலை

எங்கே வாக்குவாதம் முற்றினாலும் நம்மூரில் முதலில் கை போகும் இடம் எதிராளியின் சட்டைக் காலர். 'சட்டையைப் பிடிச்சுக் கேக்குறேன் பாரு' என்பது சும்மா வந்த பேச்சு இல்லை. துணியைப் பிடித்துவிட்டால் ஆள் ஓட முடியாது, நாம் இழுக்கும் பக்கம்தான் வர வேண்டும்.

'கி' பயிற்சியின் அடிப்படையும் இதுதான். ஜப்பானில் 1882-ல் ஜிகோரோ கானோ ஜூடோவை உருவாக்கினார். அந்த ஊர் மக்கள் தினமும் உடுத்தும் அங்கி மாதிரியான உடையே பயிற்சி உடையானது. மிட்சுயோ மயேடா என்ற ஜூடோ வீரர் 1914-ல் பிரேசிலுக்குப் போய், அங்கே கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தக் குடும்பம் வளர்த்ததுதான் பிரேசிலியன் ஜூ-ஜிட்சு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உஸ்பெகிஸ்தானின் குராஷ், ரஷ்யாவின் சாம்போ, ஜப்பானின் ஜூடோ மூன்றுமே சட்டையைப் பிடித்து ஆடுபவை. மூன்றும் குளிர் அதிகம் உள்ள நாடுகள். நம்மூர் குஸ்தியில் லங்கோடு மட்டும்தான், மண் பூசிய வெற்றுடம்பு. ஊரில் மக்கள் என்ன உடுத்தினார்களோ, சண்டையும் அதற்கேற்ற மாதிரியே வளர்ந்திருக்கிறது.

மதுரை வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஊருக்கு ஊர் இருக்கும் கபடியில், ரெய்டரின் உடையையோ முடியையோ பிடித்து இழுப்பது தப்பு. கணுக்காலைப் பிடிக்கலாம், தொடையைப் பிடிக்கலாம், இடுப்பைக் கட்டலாம். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசலிலும் திமிலை அணைத்தால்தான் செல்லும், வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது. துணி இல்லாத உடம்பை, வியர்வையில் வழுக்கும் உடம்பை அணைத்துப் பிடிப்பதுதான் நம்ம ஊர் வழக்கம். 'கி' உலகின் மொழியில் சொன்னால் நாம் எல்லோரும் 'நோ-கி' ஆட்கள்.

எம்எம்ஏவில் 'கி' இருந்த காலம்

முதல் யுஎஃப்சி போட்டி 1993 நவம்பர் 12-ல் அமெரிக்காவின் டென்வரில் நடந்தது. அதில் வெள்ளை 'கி' உடையில் வந்து பட்டத்தை வென்றவர் ராய்ஸ் கிரேசி. பார்க்க ஒல்லியான ஆள். குத்துச்சண்டைக்காரர், மல்யுத்தக்காரர், கராத்தேக்காரர் எல்லோரையும் தரையில் மடக்கினார். யுஎஃப்சி 2, யுஎஃப்சி 4 பட்டங்களும் அவருக்கே.

அப்போது அவரது உடை ஒரு ஆயுதம் மாதிரி. யுஎஃப்சி 2 அரையிறுதியில் தன்னைவிட ரொம்பப் பெரிய உருவமான ரெம்கோ பார்டோலை, அவர் போட்டிருந்த சட்டையின் காலரை வைத்தே கழுத்தை நெரித்து ஜெயித்தார். (யுஎஃப்சி 3-ல் சட்டை போடாமல் வந்த கிமோவிடம் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் குடுமியைப் பிடித்தார். அந்தக் காலத்தில் அதுவும் செல்லுபடி.)

அதே உடை அவருக்கே எதிராகவும் திரும்பியது. 2000 மே 1 அன்று டோக்கியோவில் கசுஷி சகுராபாவுடன் மோதிய சண்டை 90 நிமிடம் நீண்டது. சட்டை போடாமல் வந்த சகுராபாவைப் பிடிக்க கிரேசிக்குத் துணி இல்லை. ஆனால் சகுராபாவுக்கு கிரேசியின் உடை முழுக்கப் பிடிதான். இழுத்தார், பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினார். கடைசியில் கிரேசி தரப்பு துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டது. 2003 டிசம்பர் 31-ல் ஒலிம்பிக் ஜூடோ சாம்பியன் ஹிடெஹிகோ யோஷிடாவை இரண்டாம் முறை சந்தித்தபோது ராய்ஸ் கிரேசி மேல்சட்டை போடாமலேயே வந்தார். பாடம் கற்றுக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தத் தேர்வே இல்லை. 2000-2001-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உருவான ஒருங்கிணைந்த விதிகளின்படி ஆண்கள் மேல்சட்டையோ 'கி'யோ போட முடியாது. ஷூவும் கிடையாது. எதிராளியின் ஷார்ட்ஸைப் பிடிப்பதும் தப்பு, கிளவுஸைப் பிடிப்பதும் தப்பு. அதாவது கூண்டுக்குள் இருக்கிற கொஞ்சநஞ்சத் துணியையும் தொடக் கூடாது.

'கி' வேண்டாம் என்பவர்கள் சொல்வது என்ன?

இந்தத் தரப்பில் அதிகம் பேசப்பட்ட பெயர் எட்டி பிராவோ. 2003-ல் பிரேசிலில் நடந்த ஏடிசிசி என்ற 'கி' இல்லாத பிடிச்சண்டைப் போட்டியில் பல முறை உலக சாம்பியனான ராய்லர் கிரேசியை மடக்கிப் பிரபலமானார். பிறகு '10த் பிளானட்' என்ற பயிற்சி முறையைத் தொடங்கினார். அங்கே 'கி'யே கிடையாது.

பிராவோவின் குருவின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஜான் ஜாக் மச்சாடோவுக்குப் பிறவியிலேயே இடது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும்தான். அந்தக் கையால் துணியை இறுக்கிப் பிடிக்க முடியாது. அதனால் சட்டையைப் பிடிப்பதற்குப் பதில் எதிராளியின் அக்குளுக்குள் கையை விட்டு அணைப்பது, கையைச் சுற்றிக் கொக்கி போடுவது என்று தனி பாணியை வளர்த்துக்கொண்டார். 1999 ஏடிசிசி போட்டியில் சாம்பியனும் ஆனார். துணியைப் பிடிக்க முடியாத ஒருவரின் ஆட்டம், துணியே இல்லாத விளையாட்டுக்கு அப்படியே பொருந்தியது. பிராவோ சொல்வது, எல்லோரும் முதலிலிருந்தே அப்படிப் பழகினால் என்ன என்பதுதான்.

இந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஒரு காட்சியை யோசியுங்கள். நீங்கள் மல்லாந்து கிடக்கிறீர்கள், எதிராளி உங்கள் இரண்டு கால்களுக்கு நடுவே முட்டி போட்டிருக்கிறார். 'கி' வகுப்பில் அவருடைய இரண்டு சட்டைக் கைகளையும் இறுக்கிப் பிடித்துவிட்டால் போதும், ஆளை அசைய விடாமல் வைத்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கலாம். எம்எம்ஏவில் அதே இடத்தில் பிடிக்க வெறும் மணிக்கட்டுதான் இருக்கிறது, அதுவும் வியர்வையில் ஊறியது. அரை நொடியில் உருவிக்கொள்வார். உருவிய கை சும்மா வராது. சுமார் 113 கிராம் கிளவுஸ் போட்ட முஷ்டியாகவோ முழங்கையாகவோ முகத்தில் இறங்கும்.

ஆறு மாதம், ஒரு வருடம் சட்டைக் கையைத் தேடிப் பழகிய விரல்கள், அடி விழும் நேரத்திலும் அதையே தேடும். அந்த நேரத்தில் இரண்டு கைகளும் முகத்தை விட்டு விலகி இருக்கும். பழக்கம் நல்லதோ கெட்டதோ, பதற்றத்தில் அதுதான் முதலில் வரும். 'கி' எதிர்ப்பாளர்களின் உண்மையான பயம் இதுதான். உடை கொஞ்சம் உபயோகம் குறைவு என்பதோடு நிற்காமல், தப்பான இடத்துக்குக் கையைக் கொண்டுபோகிறது என்கிறார்கள்.

இன்னொன்று, 'கி' போட்டிகளில் சொல்லித்தராத விஷயங்கள். பாதத்தைத் திருகி முழங்காலைக் குறிவைக்கும் 'ஹீல் ஹுக்' பிடிக்கு ஐபிஜேஜேஎஃப் 'கி' போட்டிகளில் எந்த நிலையிலும் அனுமதி இல்லை. எம்எம்ஏவில் அனுமதி உண்டு. கூண்டின் கம்பிவலையில் சாய்த்து அழுத்துவது, அங்கிருந்து எழுந்து தப்பிப்பது, முன்பக்கமாகத் தலையைக் கட்டுவது இதெல்லாம் எம்எம்ஏவின் அன்றாடம். 'கி' வகுப்பில் இவற்றுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு.

'கி' வேண்டும் என்பவர்கள் சொல்வது என்ன?

துணி உராய்வைக் கொடுக்கிறது. வியர்வை உடம்பு என்றால் எசகுபிசகாக மாட்டினாலும் பலத்தைப் போட்டு வழுக்கி வெளியே வந்துவிடலாம். 'கி'யில் அது நடக்காது. கையைச் சரியான கோணத்தில் எடுத்தால்தான் வரும், இடுப்பைச் சரியாக நகர்த்தினால்தான் தப்பிக்க முடியும். தப்பு செய்தால் அந்தத் தப்பிலேயே சிக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். ஆகவே நிதானமும் நுணுக்கமும் வரும் என்பது இவர்கள் வாதம். வழுக்கித் தப்பிக்கத் தெரிந்தவரைவிட, வழி தெரிந்து தப்பிப்பவர் மேல் என்கிறார்கள்.

சாட்சிக்குப் பெயர்களும் இருக்கின்றன. ஃபாப்ரிசியோ வெர்டூம் 2003, 2004-ல் 'கி' ஜூ-ஜிட்சு உலக சாம்பியன். 2010 ஜூன் 26 அன்று, பல ஆண்டுகளாக யாராலும் அசைக்க முடியாத ஃபெடோர் எமிலியனென்கோவை 69 நொடியில், மல்லாந்து கிடந்தபடியே மடக்கினார். 2015-ல் யுஎஃப்சி ஹெவிவெயிட் பட்டத்தையும் கில்லட்டின் பிடியில்தான் வென்றார். மெக்கென்சி டெர்ன் 2015-ல் 'கி' உலக சாம்பியன், 2025 அக்டோபரில் யுஎஃப்சி ஸ்ட்ராவெயிட் சாம்பியன்.

ஜூடோ பக்கம் பார்த்தால் ரோண்டா ரௌஸி 2008 ஒலிம்பிக் வெண்கலம், கைலா ஹாரிசன் 2012, 2016 ஒலிம்பிக் தங்கம். இருவருமே பிறகு யுஎஃப்சி சாம்பியன்கள். ஹாரிசன் 2025 ஜூனில் பட்டம் வென்ற பிடியின் பெயர் 'கிமுரா'. 1951-ல் பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் எலியோ கிரேசியை அந்தப் பிடியால் மடக்கிய ஜப்பான் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவின் பெயர் அது. இரண்டு பேரும் சட்டை போட்டு ஆடிய சண்டையில் பேர் வாங்கிய பிடி, 74 ஆண்டு கழித்து சட்டை இல்லாத கூண்டில் பட்டம் வாங்கித் தந்திருக்கிறது. கிமுராவுக்குத் துணி தேவையில்லை, மணிக்கட்டு போதும்.

கபீப் நூர்மகோமெடோவ், இஸ்லாம் மகாச்சேவ் இருவரும் வந்தது சாம்போவிலிருந்து. அதிலும் சட்டை உண்டு. ஆனால் அவர்கள் ஆடிய காம்பாட் சாம்போவில் சட்டையைப் பிடிக்கும்போதே குத்தும் விழும். ஆகவே முகத்தை மறக்கும் பழக்கம் அங்கே வருவதில்லை. 'கி' ஆதரவாளர்கள் இவர்களைத் தங்கள் கணக்கில் சேர்க்கும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மறுபக்கத்துக்கும் சாட்சி உண்டு. மார்கஸ் 'புசேச்சா' அல்மெய்டா 13 முறை 'கி' ஜூ-ஜிட்சு உலகப் பட்டம் வென்றவர். அந்த விளையாட்டின் உச்சம் என்றே சொல்லலாம். 2025 ஜூலையில் யுஎஃப்சி அறிமுகப் போட்டியில் மார்ட்டின் புடேயிடம் புள்ளிகளில் தோற்றார். உலகப் பட்டங்கள் 13 இருந்தாலும், எதிராளி கீழே விழ மறுத்தால் அவற்றைப் பயன்படுத்த வாய்ப்பே வராது.

இந்தப் பெயர்ப் பட்டியலை வைத்துத் தீர்ப்பு சொல்வதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பிரேசிலில் ஜூ-ஜிட்சு கற்கும் குழந்தை பெரும்பாலும் 'கி'யில்தான் தொடங்குகிறது. அதனால் அங்கிருந்து வரும் சாம்பியன்களிடம் 'கி' பின்னணி இருப்பது ஆச்சரியமில்லை. 'கி'யால் ஜெயித்தார்களா, சிறுவயதிலிருந்து தினமும் தரையில் உருண்டதால் ஜெயித்தார்களா என்பதை இந்தப் பெயர்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

ரிது போகட்டின் இன்னொரு தோல்வி சொல்வது

2025 பிப்ரவரியில் கத்தாரில் ரிது மீண்டும் களமிறங்கினார். எதிரில் ஜப்பானின் அயாகா மியூரா, ஜூடோவிலிருந்து வந்தவர். ஜூடோவில் எதிராளியின் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் கழுத்தைச் சுற்றி, மறு கையால் அவருடைய சட்டைக் கையை இழுத்துப் பிடித்து அமுக்கும் ஒரு பிடி உண்டு, பெயர் கெசா-கதாமே. மியூரா செய்தது அதன் துணியில்லாத வடிவம். சட்டைக் கைக்குப் பதில் ரிதுவின் கையைத் தன் கால்களுக்குள் சிக்கவைத்து, தோளை முறுக்கிவிட்டார். ரிது தட்டி ஒப்புக்கொண்டார்.

'கி'யில் கற்ற அமுக்கும் முறை, எடையை எங்கே வைப்பது, இடுப்பை எப்படித் தாழ்த்துவது இதெல்லாம் மியூராவுக்கு அப்படியே உதவின. சட்டைக் கையைப் பிடிப்பது மட்டும் உதவவில்லை. அந்த ஒரு இடத்தை அவர் மாற்றினார், பல வருடம் உட்கார்ந்து மாற்றினார். அந்தப் பிடிக்கே 'அயாகா லாக்' என்று அவர் பெயர் வந்துவிட்டது.

ரோண்டா ரௌஸியும் இப்படித்தான். காலரைப் பிடித்துத் தூக்கி எறிவதற்குப் பதில் கழுத்தையும் கையையும் அணைத்து எறியக் கற்றார். ஆக, 'கி' உதவுமா என்று கேட்டால், மாற்றிக்கொள்ளும் வேலையைச் செய்பவர்களுக்கு உதவும். அந்த வேலைக்குத் தனியாக நேரம் வேண்டும். 'கி' வகுப்பு மட்டும் போய்விட்டு நேராகக் கூண்டுக்குள் போகிறவருக்கு அந்த நேரம் இருந்திருக்காது.

சரி, நம்ம கப்பலூர் தம்பி என்ன செய்வது?

இங்கே பணமும் நேரமும்தான் முக்கியம். வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். பயண நேரம் தனி. யுஎஃப்சி வீரர்கள் மாதிரி காலையில் 'கி', மதியம் மல்யுத்தம், மாலையில் குத்துச்சண்டை என்று பிரித்துக்கொள்ளும் வசதி இல்லை. முழுநேர வீரருக்கு 'கி' ஒரு கூடுதல் வகுப்பு. இவருக்கோ 'கி' வகுப்பு போனால் வேறொரு வகுப்பு போச்சு.

அதனால் ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் அமெச்சூர் எம்எம்ஏ போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால் 'கி'யைத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம். மல்யுத்தம், நோ-கி பிடிகள், கீழே கிடக்கும்போது அடி வாங்காமல் எழுவது ஆகியவற்றிலேயே அந்த நேரம் தீர்ந்துவிடும். கபடி ஆடிய உடம்பு என்றால் இன்னும் வசதி. கணுக்கால் பிடி, தொடைப் பிடி, இடுப்புக் கட்டு எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஈரானின் ஃபசல் அத்ராச்சாலி மல்யுத்தத்திலிருந்து கபடிக்கு வந்து பெயர் எடுத்தார். அந்தப் பாதையில் எதிர்த்திசையிலும் நடக்கலாம். கபடிக்காரர் புதிதாகக் கற்க வேண்டியது, பிடித்த பிறகு தன் கழுத்தை எதிராளியின் அக்குளில் கொடுக்காமல் இருப்பது. கண்டாரே மாட்டிய கில்லட்டின் அங்கேதான் காத்திருக்கும்.

அவசரம் இல்லை, இரண்டு மூன்று வருடம் கற்கலாம் என்றால் கதை வேறு. பக்கத்தில் கிடைப்பது ஒரு நல்ல ஜூடோ அல்லது 'கி' வகுப்பு மட்டும்தான் என்றால், நோ-கி வகுப்பு வரும்வரை காத்திருப்பதைவிட அங்கே சேர்வது எவ்வளவோ மேல். தரையில் எந்தப் பக்கம் உருண்டால் ஆபத்து, எப்போது கை நீட்டக் கூடாது என்ற அந்த மோப்பம், சட்டை போட்டாலும் போடாவிட்டாலும் நிறைய பேருடன் நிறைய நேரம் உருண்டால்தான் வரும். 'கி' வகுப்பில் தலையில் அடி விழாது என்பதும் சின்ன விஷயம் இல்லை. நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்க வேண்டியவர் வாரம் நாலு நாள் தலையில் குத்து வாங்கிக்கொண்டு எத்தனை மாதம் தாங்குவார்? அடி வாங்காமல் பயிற்சி நேரத்தைக் கூட்டிக்கொள்ள இது ஒரு வழி. பள்ளி மாணவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: ஜூடோ பள்ளி விளையாட்டிலும் இருக்கிறது, ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. எம்எம்ஏவுக்கு இன்னும் அந்த ஏணி இல்லை.

2018 ஆசிய போட்டியில் குராஷ் பெண்கள் 52 கிலோ பிரிவில் பிங்கி பல்ஹாரா வெள்ளியும் மலபிரபா ஜாதவ் வெண்கலமும் வென்றதை நினைத்துப் பார்க்கலாம். இந்தியாவில் பலர் அப்போதுதான் குராஷ் என்ற பெயரையே கேள்விப்பட்டார்கள். சட்டை போட்டு ஆடும் விளையாட்டில் நமக்கும் பதக்கம் வரும் என்பதற்கு அது ஒரு உதாரணம். நகோயாவில் குராஷ், ஜூ-ஜிட்சு, எம்எம்ஏ மூன்றும் தற்காப்புக் கலைகள் என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன.

'கி' வாங்குவது என்று முடிவு செய்தால் சில நடைமுறை விஷயங்கள். மதுரை வெயிலுக்கு மெல்லிய நெசவு உடையே நல்லது. முடிந்தால் இரண்டு வாங்க வேண்டும், ஒன்று காயும்போது இன்னொன்று. வியர்வையில் ஊறிய உடையைப் பையிலேயே வைத்திருந்து மறுநாள் போட்டால் படர்தாமரை நிச்சயம், ஒருவருக்கு வந்தால் வகுப்புக்கே வரும். நகத்தை வெட்டிவிட்டுப் போவது கட்டாயம். துணியை இறுக்கிப் பிடித்துப் பிடித்து விரல் மூட்டுகள் வீங்கும், அதனால் அதே வாரத்தில் குத்துச்சண்டை வகுப்பும் இருந்தால் விரலுக்கு டேப் சுற்றிக்கொள்வது நல்லது. சேர்வதற்கு முன்பு பயிற்சியாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: வாரத்தில் எத்தனை நாள் சட்டையைக் கழற்றிவிட்டு, கிளவுஸ் போட்டு, இதே பிடிகளைச் செய்து பார்க்க விடுவீர்கள்? 'ஒரு நாள்கூட இல்லை' என்று பதில் வந்தால் அது நல்ல ஜூ-ஜிட்சு வகுப்பாக இருக்கலாம், எம்எம்ஏ வகுப்பு இல்லை.